உயிர்பெறாத ஹைபிரிட் கார்: சின்னப் பற்றரியைச் சோதிக்கும் முறை

காலையில் பிரேக்கை மிதித்தபடி பவர் பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் ‘ரெடி’ விளக்குத் தோன்றாமல், எச்சரிக்கை விளக்குகள் பல ஒருங்கே எரிந்து மங்கி, டாஷ்போட்டுக்குப் பின்னால் ரிலேக்கள் படபடவென்று ஒலித்து அடங்குமானால், ஹைபிரிட் கார் வைத்திருப்பவர் மனத்தில் எழும் முதல் அச்சம், லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் பெரிய பற்றரி போய்விட்டது என்பதே. அச்சம் இயல்பானதுதான், ஆனால் அச்சத்தை ஆதாரமாகக் கொண்டு தீர்மானம் செய்வது தகாது. ஏனெனில் மேற்சொன்ன லட்சணங்கள் அநேகமாக, அதே காரில் எவர் கண்ணுக்கும் படாத ஒரு மூலையில் கிடக்கும் பன்னிரண்டு வோல்ற் சின்னப் பற்றரி தளர்ந்துபோனதால் உண்டாகின்றவை. பெரியதைப் பற்றி எவர் என்ன சொன்னபோதிலும், சின்னதை மீற்றர் வைத்து அளந்து பார்க்கும்வரை அந்த வார்த்தையை ஏற்றுக்கொள்ளலாகாது.

இலங்கையில் இதை அழுத்திச் சொல்லவேண்டிய அவசியம் விசேஷமாக உண்டு. யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை நம் வீதிகளில் நாம் காணும் பிரியஸ், அக்வா, ஃபிற், வெசல் முதலிய ஹைபிரிட் கார்கள் ஜப்பானிலிருந்து வந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மறுபடியும் வழி திறந்தமையால், இடைப்பட்ட காலமெல்லாம் வயதேறிய கார்களையே பேணிக் காக்கவேண்டிய நிலை நமக்கு ஏற்பட்டது. போதாக்குறைக்கு 2020ஆம் ஆண்டு ஊரடங்கிலும், 2022இல் பெற்றோல் இன்றித் தவித்த மாதங்களிலும், பின்னர் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களிலும், இக்கார்கள் வாரக்கணக்கில் வீட்டு வாசலில் அசையாமல் நின்றன. ஈயப் பற்றரிக்கு ஓட்டத்தைக் காட்டிலும் சும்மா நிற்பதே பெரிய சத்துரு. அக்காலத்தில் ‘ஹைபிரிட் பற்றரி முடிந்துவிட்டது’ என்ற தீர்ப்பைக் கேட்டு, நகையை அடகுவைக்க எண்ணிய குடும்பங்களும் இருந்தன என்பதை நினைக்கையில், சில ஆயிரம் ரூபாய் மீற்றர் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, சின்னப் பற்றரி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். சாதாரண பெற்றோல் காரில் பன்னிரண்டு வோல்ற் பற்றரியின் தலையாய வேலை, நூற்றுக்கணக்கான அம்பியர் மின்சாரத்தை ஒரு கணத்தில் வாரிக் கொடுத்து, ஸ்டார்ட்டர் மோட்டார் மூலம் எஞ்சினைச் சுழற்றுவது. டொயோட்டா ஹைபிரிட்டுகளில் அந்த ஸ்டார்ட்டரே கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவது கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் மின்மோட்டார்களில் ஒன்று. அதற்குச் சக்தி அளிப்பது பெரிய பற்றரி. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் அது ஏறத்தாழ 200 வோல்ற், அக்வாவில் 144 வோல்ற். எனினும் அந்தப் பெரிய பற்றரி கார் நிற்கும்போது மற்ற பாகங்களோடு தொடர்பின்றித் துண்டிக்கப்பட்டே இருக்கிறது. அதைத் தொடுக்கும் பிரதான ரிலேக்களை மூடுவதற்கும், கணினிகளை எழுப்புவதற்கும், பிரேக் பம்பை இயக்குவதற்கும், கதவுப் பூட்டுகளை விடுவிப்பதற்கும் வேண்டிய மின்சாரம் சின்னப் பற்றரியிலிருந்துதான் வரவேண்டும். களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் சாவிக்காரர் மயங்கிக் கிடந்தால் வீட்டில் உலை ஏறாது. அதுவே இக்காரின் நிலைமையும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. பெற்றோல் காரில் பற்றரி தளரும்போது ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும். அந்தச் சத்தமே சாரதிக்குப் பல நாள் முன்னதாக எச்சரிக்கை. ஹைபிரிட்டில் கணினிகளை எழுப்ப வேண்டிய மின்சாரம் அதனோடு ஒப்பிடச் சொற்பமானது என்பதால், பாதிக்கு மேல் பலம் இழந்த பற்றரியும் நேற்று மாலை வரை ஒரு குறையும் காட்டாமல் வேலை செய்திருக்கும். இன்று காலை ஒரு படி கீழே இறங்கியதும் ஒரேயடியாக நின்றுவிடும். ஆதலால் ‘நேற்று நன்றாகத்தானே ஓடியது’ என்ற வாதம் சின்னப் பற்றரிக்குச் சாதகமான சாட்சியமே அன்று. கண்ணும் காதும் உள்ளவர்க்கு நுட்பமான அறிகுறிகள் சில கிட்டாமலில்லை. மணிகாட்டியும் பயணத் தூரமானியும் தாமாகப் பூச்சியத்துக்குத் திரும்புதல். தூரச் சாவிக்குக் கதவு தாமதித்துத் திறத்தல். இவற்றைக் கவனித்தால் முன்கூட்டியே விழித்துக்கொள்ளலாம். பிரியஸில் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தவுடன் பிரேக் பம்ப் சில விநாடி ரீங்காரம் செய்யும். அந்த ஒலி கதவைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் ஒரே சுருதியில் இருக்கவேண்டும். அது தொய்ந்து கனத்து ஒலிக்கத் தொடங்கினால் அன்றைக்கே மீற்றரை எடுப்பது உசிதம்.

அளப்பதற்கு முன் இரண்டு எளிய காரணங்களை விலக்கிவிடவேண்டும். முதலாவது, கையிலுள்ள சாவியின் பொத்தான் பற்றரி. உள்விளக்கு பிரகாசமாக எரிந்து, ஹோர்னும் உரக்க ஒலித்து, கார் மட்டும் சாவியை அறிந்துகொள்ளாமல் இருந்தால் குற்றம் சாவியில் உள்ளது; சாவியைப் பவர் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து, பொத்தானை அழுத்தினால் கார் எழும்பும். இரண்டாவது, பெற்றோல். தாங்கி வறண்டபின் பெரிய பற்றரியிலேயே சிறிது தூரம் ஓட்டி அதையும் வறட்சியாக்கிவிட்ட கார், சின்னப் பற்றரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் எஞ்சினை எழுப்பாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் இது அபூர்வமான சம்பவமன்று.

பற்றரியின் இருப்பிடம் காருக்குக் கார் மாறுபடும். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் அது டிக்கியின் வலப்புற மூலையில் தரைப்பலகைக்குக் கீழே; அக்வாவில் பின் ஆசனத்தின் கீழே. மின்சாரம் முற்றிலும் வற்றிய பிரியஸில் டிக்கியின் பூட்டும் மின்பூட்டாதலால் திறவாது. இதை உத்தேசித்தே முன்புறம் பொனற்றுக்குள், பியூஸ் பெட்டியில், சிவப்பு மூடியின் கீழ் ஒரு முனையை வைத்திருக்கிறார்கள். தூரச் சாவிக்குள் செருகியிருக்கும் உலோகச் சாவியை உருவி, சாரதிக் கதவைத் திறந்து, பொனற்றின் நெம்பை இழுத்தால் அந்த முனை கைக்கு எட்டும். மீற்றரின் சிவப்பு ஊசியை அதிலும், கறுப்பு ஊசியை எஞ்சின் பகுதியில் வர்ணம் பூசாத இரும்பு ஆணியிலும் வைத்து அளக்கலாம். ஆரஞ்சு நிற உறையிட்ட கேபிள்கள் எங்கே தென்பட்டாலும் அவற்றைத் தொடலாகாது. அவை பெரிய பற்றரியின் மின்சாரத்தைச் சுமப்பவை, உயிரைப் பறிக்கவல்லவை. இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் எந்தக் காரியத்துக்கும் அவற்றின் அருகே செல்லவேண்டிய தேவையில்லை.

முதல் அளவை, கார் பல மணி நேரம் ஓய்ந்து நின்றபின், பொத்தானை அழுத்துவதற்கு முன்பு எடுக்கவேண்டும். நிறைந்த பற்றரி 12.6 முதல் 12.8 வோல்ற் வரை காட்டும். இக்கார்களில் வழக்கமான, கண்ணாடி நாரில் அமிலத்தை உறிஞ்சவைத்த வகை சற்று மேலும் காட்டலாம். 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு, 11.8க்குக் கீழே இறங்கிவிட்டால் காலி என்றே கொள்ளவேண்டும். சார்ஜரிலிருந்து சற்றுமுன் எடுத்த பற்றரியை அளக்காதீர்கள். தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் தங்கியுள்ள மின்னேற்றம் அளவை மிகையாக்கிக் காட்டும். ஓரிரு மணி நேரம் பொறுத்திருந்தோ, முன்விளக்கை ஒரு நிமிடம் எரித்து அணைத்தோ அதைப் போக்கியபின் அளப்பதே முறை.

ஓய்வில் எடுத்த அளவை மாத்திரம் போதாது. பழைய பற்றரி ஒன்று 12.5 காட்டிக்கொண்டே, சிறு சுமை ஏறியதும் சரிந்துவிடும். அதனால்தான் இரண்டாவது அளவு சுமையோடு எடுக்கப்படுகிறது. பிரேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இருமுறை அழுத்தினால் ‘ரெடி’ இன்றிக் கணினிகள் மாத்திரம் விழித்துக்கொள்ளும். முன்விளக்கையும் போட்டு, மீற்றரின் எண்ணையே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். ஆரோக்கியமான பற்றரியில் எண் முதலில் திடீரென்று சற்றுக் குறைந்து, பிறகு 12 வோல்ற்றுக்கு அருகே நிலைகொண்டு, புள்ளிக்குப் பின்னுள்ள கடைசி இலக்கம் மட்டும் சோம்பலாக இறங்கும். தளர்ந்ததில் அது நிலைகொள்வதேயில்லை: 11.9, 11.7, 11.4 என்று கண் முன்னே சரிந்துகொண்டே போகும். 11.5க்குக் கீழே வந்தால் சந்தேகம் வலுக்கிறது. முழுவதும் சார்ஜ் செய்த பின்னும் அப்படியே சரியுமாயின் ஐயத்துக்கிடமின்றி மாற்றவேண்டியதுதான். இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் மீற்றர் இல்லாமலே இதைக் காண ஒரு வழி உண்டு. திரையருகே உள்ள தகவல் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பக்க விளக்குகளை மூன்று முறை போட்டு அணைத்தால், மெக்கானிக்குகளுக்கான சோதனைப் பட்டியல் திரையில் திறக்கும். வாகன சமிக்ஞைகளுக்குரிய பக்கத்தில் பற்றரியின் வோல்ற்றும் இருக்கும்.

பெற்றோல் கார்களுக்கு உரிய, கம்பிச் சுருள் பழுக்கப் பழுக்க அம்பியரை இழுக்கும் பரீட்சைக் கருவியைச் சில கராஜ்களில் இச்சிறு பற்றரிமேலும் பிரயோகிக்கிறார்கள். அது தேவையற்ற வன்மை. ஸ்டார்ட்டரைச் சுற்றவே வேண்டாத பற்றரியை ஸ்டார்ட்டருக்குரிய அளவுகோலால் அளந்து தோல்வியென்று தள்ளுவதும், அச்சோதனையாலேயே கிழட்டுப் பற்றரியை முடித்துவிடுவதும் இரண்டுமே நஷ்டந்தான். உள்தடையை அளக்கும் சிறு மின்னணுச் சோதனைக்கருவி இருக்கும் கடையை நாடுவது நலம்.

கார் நடுவீதியில் நிற்கிறது, உடனே எழுப்பவேண்டும் என்றால் இன்னொரு காரின் உதவியைப் பெறலாம். இங்கே அவசரம் கூடாது; ஒரு கணக் கவனயீனத்தில் சிவப்பும் கறுப்பும் மாறிப்போனால் பிரதான பியூஸ் எரிவதோடு நில்லாமல், வோல்ற் மாற்றியும் இன்வேட்டரும் பழுதடைந்து, மெய்யாகவே லட்சங்கள் செலவாகும் நிலை வந்துவிடும். சிவப்பு ஜம்பர் வயரின் ஒரு நுனியை ஹைபிரிட்டின் சிவப்பு மூடிக்குக் கீழுள்ள முனையிலும், மறு நுனியை உதவும் காரின் பற்றரி நேர்முனையிலும் மாட்டுங்கள். பிறகு கறுப்பு வயரை உதவும் காரின் எதிர்முனையில் மாட்டி, கடைசி நுனியை ஹைபிரிட்டின் எஞ்சின் பகுதியிலுள்ள வெற்று இரும்பில் பிடிக்கச் செய்யுங்கள். உதவும் கார் ஐந்து நிமிடம் ஓடட்டும். அதன்பின் பிரேக், பொத்தான், ‘ரெடி’. எழும்பியவுடன் வயர்களைத் தலைகீழ் வரிசையில் கழற்றவேண்டும். எழும்பாமல் கிடந்த கார் சின்னப் பற்றரிக்குத் துணைகொடுத்ததும் எல்லா விளக்கும் அணைந்து சாதாரணமாக ஓடுமானால், பெரிய பற்றரியைக் குற்றம் சாட்டுவதற்கு அந்த நிமிடத்தில் எந்த ஆதாரமும் இல்லை. மற்றொரு பெற்றோல் காரை எழுப்ப நம் ஹைபிரிட்டைக் கொடுப்பதைப் பற்றி அயலவர் கேட்டால், பணிவாக மறுத்துவிடுவதே சரி. அவருடைய ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்துக்கு நம் கார் வகுக்கப்படவில்லை.

‘ரெடி’ நிலையில் மூன்றாவது அளவை எடுக்கிறோம். இந்தக் கார்களில் ஓல்ட்டர்நேற்றர் கிடையாது. பெரிய பற்றரியின் உயர் வோல்ற்றை இறக்கிச் சின்னதுக்கு ஊட்டும் மாற்றி ஒன்று உண்டு. ‘ரெடி’ விளக்கு எரிய, மீற்றர் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் மாற்றி வேலை செய்கிறது. 12.5லேயே நின்று மெல்லக் கீழிறங்கினால், புதிய பற்றரி வாங்கிப் போட்டும் பிரயோசனமில்லை; சில நாளில் அதுவும் வற்றிவிடும். மாற்றியையும் அதன் பியூஸையும் ஹைபிரிட் வேலை பழகிய ஒருவரே பார்க்கவேண்டும். இங்கே சாரதிகள் பலர் கொண்டுள்ள ஒரு தப்பெண்ணத்தையும் சொல்லியாகவேண்டும். ‘ரெடி’ இல்லாமல் வானொலியையும் காற்றாடியையும் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பது பற்றரியை வற்றடிப்பதே ஒழிய ஊட்டுவதன்று. ‘ரெடி’யில் இருந்தாலும் கியரை நியூற்றலில் விட்டுவைத்தால் பெரிய பற்றரிக்கு மின்னேற்றம் ஏறாது, நிற்கும் இடத்தில் ‘பி’யில் வைத்திருக்கவேண்டும்.

மூன்று அளவுகளும் சரியாயிருந்தும் சில நாள் நின்றாலே கார் எழும்ப மறுக்கிறதா? அப்படியானால் கார் உறங்கும்போது எதுவோ மின்சாரத்தைக் குடிக்கிறது. கணினிகளும் எச்சரிக்கை அலாரமும் தூரச் சாவியைத் தேடும் ஏற்பாடும் சேர்ந்து 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை எடுப்பது சகஜம். 50 மில்லி அம்பியர் என்றால் நாளொன்றுக்கு 1.2 அம்பியர்-மணி, 36 அம்பியர்-மணிப் பற்றரியின் சரிபாதி பதினைந்தே நாளில் போய்விடும். இது குற்றமற்ற காரின் கணக்கு. பின்னாளில் பூட்டிய கமராவோ, இடங்காட்டியோ, ஒலிபெருக்கியோ 250 மில்லி அம்பியர் இழுக்குமானால், அந்தப் பதினைந்து நாள் மூன்று நாளாகச் சுருங்கிவிடும். அளப்பதற்குப் பற்றரியின் எதிர்முனைக் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் இடையே மீற்றரைப் பத்து அம்பியர் துளையில் வைத்துத் தொடுக்கவேண்டும். கதவுகளை அடைத்து, சாவியைப் பல மீற்றர் தூரத்துக்கு அப்பால் வைத்து, கணினிகள் உறங்கும்வரை அரைமணி பொறுத்திருங்கள். மீற்றர் இணைப்பில் இருக்கும்போது பவர் பொத்தானை அழுத்தினாலோ, சாரதிக் கதவைத் திறந்து பிரேக் பம்பை எழுப்பினாலோ மீற்றரின் பியூஸ் போய்விடும். அளவு மிகுதியாயிருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க, எந்தப் பியூஸோடு எண் சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன் இருக்கிறான். பின்னாளில் பூட்டிய பொருள்களையே முதலில் சந்தேகிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

முனைகளைப் பார்க்கவும் மறக்கலாகாது. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த மாவு படிந்த முனை, நல்ல பற்றரியையும் நோயாளியாக்கிக் காட்டும். மீற்றர் ஊசியைக் கேபிளின் பிடியில் வைத்து ஒரு அளவும், பற்றரியின் ஈயக் குமிழிலேயே வைத்து இன்னொரு அளவும், விளக்கு எரியும்போது எடுங்கள். இரண்டுக்கும் இடையே கணிசமான வித்தியாசம் இருந்தால் வேண்டியது வெந்நீரும் சோடா உப்பும் கம்பித் தூரிகையும்தான்.

சின்னப் பற்றரி நிறைந்து, மாற்றியும் ஊட்டி, அதன்பின்னும் ‘ரெடி’ வராமல் சிவப்பு முக்கோணம் எரிந்தால், அப்பொழுதுதான் பெரிய பற்றரியின் பேச்சை எடுக்கவேண்டும். ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம், முன்பு பதிவான குறியீடுகளை எழுதிவைத்துக்கொண்டு, அழித்துவிட்டு, காரைச் சிறிது ஓட்டி, மறுபடி பார்க்கும்படி வேண்டுங்கள். வோல்ற் தாழ்ந்த வேளையில் கணினிகள் ஒன்றையொன்று காணாமல் பதிந்துவைத்த குறியீடுகள் டசின் கணக்கில் இருக்கும், அவை மீண்டும் தோன்றமாட்டா. பி0ஏ80 என்ற குறியீடு அழித்த பின்னும் திரும்பி வருமானால் பெரிய பற்றரியின் பகுதிகள் ஒன்றோடொன்று சமமாக இல்லை என்று பொருள். ஒவ்வொரு பகுதியின் வோல்ற்றையும் திரையில் காட்டும்படி கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டபிறகே செலவைப் பற்றிப் பேசவேண்டும்.

எல்லா நிறுவனத்தாரும் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. ஹோண்டாவின் முந்திய சிவிக், இன்சைற் ஹைபிரிட்டுகளில் பழைய பாணி ஸ்டார்ட்டரும் துணைக்கு உண்டு. ஹியுண்டாய் அயோனிக் ஹைபிரிட்டில் சின்னப் பற்றரி பெரியதன் பெட்டிக்குள்ளேயே லிதியம் வகையாக அமைந்திருக்கிறது. அது தாழ்ந்துபோனால் தானே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும், அதற்குரிய பொத்தானை அழுத்தினால் மறுபடி எழும்பும். உங்கள் காரின் கைநூலில் அந்தப் பக்கத்தை இன்றே மடித்து வையுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால், மலிவைக் கருதிச் சாதாரண அமிலப் பற்றரியை வாங்கிப் பிரியஸுக்குள் நுழைக்கவேண்டாம். இப்பற்றரி பிரயாணிகள் சுவாசிக்கும் அறைக்குள் இருப்பது. அதிலிருந்து வெளிப்படும் ஐதரசன் வாயுவை வெளியே கொண்டுசெல்ல ஒரு மெல்லிய குழாய் பக்கத்தில் செருகப்பட்டிருக்கும். புதியதில் அக்குழாய்க்கு வாய் இருக்கிறதா, பழையதிலிருந்து எடுத்த குழாய் மீளச் செருகப்பட்டதா என்று நீங்களே குனிந்து பார்க்கவேண்டும். வேலையாட்கள் அதைத் தொங்கவிட்டுப் போவது உண்டு. கழற்றும்போது எதிர்முனை முதலில். பூட்டும்போது எதிர்முனை கடைசியில். சார்ஜரில் போடவேண்டி வந்தால் சில அம்பியருக்கு மேற்படாத மெதுவான சார்ஜராகவே இருக்கட்டும். பூட்டிய மாதத்தையும் ஆண்டையும் மேல்மூடியில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். நம் வெக்கையில் மூன்று நான்கு ஆண்டுகள் கடந்ததும் ஆறு மாதத்துக்கொருமுறை அளப்பது அவசியமாகிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் கண்ணாடிகளின் தானியங்கி ஏற்றம் நின்றிருக்கும். ஒவ்வொரு கண்ணாடியையும் முற்றாக ஏற்றி, பொத்தானைச் சில விநாடி இழுத்துப் பிடித்தால் அது திரும்பும்.

வெளிநாடு செல்பவர்கள் எதிர்முனையைக் கழற்றிவிட்டுப் போவது நல்ல வழக்கம். பிரியஸ்காரர்கள் ஒன்றை மாத்திரம் நினைவில் வைக்கவேண்டும்: கழற்றியபின் டிக்கியை அடைத்துவிட்டால் அதன் மின்பூட்டு திரும்பித் திறவாது. உலோகச் சாவியைக் காருக்குள் விடாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் சாரதிக் கதவைத் திறந்து பொனற்றை உயர்த்தி, சிவப்பு மூடிக்குக் கீழுள்ள முனைக்கும் வெற்று இரும்புக்கும் வேறொரு பன்னிரண்டு வோல்ற் பற்றரியைச் சிறிது நேரம் தொடுத்தால் டிக்கி திறந்துகொள்ளும். அப்பால் கேபிளை அதனிடத்தில் பூட்டலாம்.